பெட்டிக்குள் இருந்த ரத்தம்

"அந்த ரத்தம் குடிக்கிற ஆள உள்ள விடாதீங்க!"

பழனியாண்டி போட்ட சத்தத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளே திரும்பிப் பார்த்தன. வாசலில், தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் றோலண்ட் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். முகம் வெளிறிப் போயிருந்தது.

செத்துக் கிடந்த மகள் நாகலெட்சுமியின் தலைமாட்டிலிருந்து அம்மாக்கண்ணு நிமிர்ந்து பார்த்தாள்.

றோலண்ட் செய்த குற்றம் சின்னதா என்ன?

எண்பத்தெட்டாம் வருஷம் அது. போன மாதம் கொழும்பிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்து, கொழுந்து பறிக்கும் நாற்பது பெண்களிடம் ரத்தம் எடுத்துப் போனார்கள். வயிற்றுப் பிள்ளையோடு நாகலெட்சுமியும் கை நீட்டினாள்.

பிறகு அவர்களிடமிருந்தே ஒரு சின்னப் பெட்டி வந்தது. றோலண்ட் அதை டிஸ்பென்சரி பிரிஜ்ஜில் வைத்துப் பூட்டினார். மேலே இங்கிலீஷில் 'மனிதப் புரதம்' என்று எழுதியிருப்பதைக் கணக்கப்பிள்ளை படித்துச் சொன்னார். அவ்வளவுதான். நம்மிடம் எடுத்த ரத்தம்தான் மருந்தாகித் திரும்பி வந்திருக்கிறது என்று லயம் முழுக்கப் பரவிவிட்டது.

முந்தாநாள் காலையில் நாகலெட்சுமிக்குப் பிள்ளை பிறந்தது. ரத்தப்போக்கு நிற்கவே இல்லை.

"எங்க ரத்தத்த எம் பொண்டாட்டிக்கே ஏத்துங்க!" பழனியாண்டி பிரிஜ்ஜை உடைக்கப் போனான். பின்னால் முப்பது பேர்.

றோலண்ட் குறுக்கே நின்றார். "அது ரத்தமே இல்லப்பா. மனுச ஒடம்புல இருக்கிற ஒரு சத்த, வெளிநாட்டுல கிருமிக்குள்ள வளத்து எடுத்தது. ஆராய்ச்சிக்கு மட்டுந்தான். மனுசனுக்கு ஏத்தக் கூடாதுன்னு அதுலயே போட்டிருக்கு. மொதல்ல நாகலெட்சுமிய லொறியில ஏத்துங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"மனுசனோடதுன்னு போட்டிருக்கு, ஆனா மனுசனுக்கு ஏத்தக் கூடாதா? யாருகிட்ட கத விடுறீங்க?"

அம்மாக்கண்ணுவும் மண்ணை வாரித் தூற்றினாள். இந்தச் சண்டையிலேயே ஒரு மணி நேரம் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள். "உடனே ரத்தம் வேணும். யார் குடுக்கிறது?"

அம்மாக்கண்ணுதான் முதலில் கையை நீட்டினாள். நர்ஸ் அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள்.

"ஒங்களுக்கே ரத்தம் இல்லையேம்மா."

பழனியாண்டிக்குத் தலை சுற்றியது, பெஞ்சில் படுத்துவிட்டான். லொறியில் வந்த வீரர்கள் பிளேன்டீ குடிக்கப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

எப்படியோ ஒரு போத்தல் கிடைத்தது. அது போதவில்லை.

இப்போது வாய்க்கரிசி போடும் நேரம். பழனியாண்டி அரிசித் தட்டோடு முன்னால் வந்தான். அம்மாக்கண்ணு எழுந்து தட்டை அவன் கையிலிருந்து வாங்கினாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், றோலண்டிடம் நீட்டினாள்.

"மொதல்ல நீங்க போடுங்கய்யா. அன்னைக்கு மண்ண வாரித் தூத்துனேன், மன்னிச்சிருங்க."

"அத்தே! இந்த ஆளுக்கு என்ன உரிம இருக்கு?" பழனியாண்டி பாய்ந்து வந்தான்.

அம்மாக்கண்ணு திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க பெஞ்சில படுத்துக் கெடந்தப்ப எம் மகளுக்கு ஏறுச்சே ஒரு போத்தல், அது இவரு ரத்தம் மாப்பிள."