கைதட்டலுக்குள் ஒரு குரல்

லண்டனில் ராக் கச்சேரி நெரிசலில் மூச்சுத் திணறி இறந்த மயூரனின் தாயிடம், "நான் அப்ப பக்கத்தில இல்லை அன்ரி" என்றே அவன் நண்பன் நிரூபன் சொல்லிவந்தான். அன்று பாடிய பிரிட்டிஷ் இசைக்குழு அந்தக் கச்சேரியை ஆல்பமாக வெளியிட்டபோது இருவரும் சேர்ந்து கேட்டார்கள். கிட்டார் நெஞ்சுக்குள் அதிர்ந்தது. ஆயிரம் பேர் கூடப் பாடினார்கள். தாயும் தன்னையறியாமல் தாளம் போட்டாள். நான்காம் பாட்டு முடிந்த கைதட்டலுக்குள், "நிரூ, கையை விடாதையடா!" என்று மயூரன் கத்தினான்.

"திரும்பப் போடு தம்பி."

முதலிலிருந்து போட்டான். இம்முறை இரண்டாம் பாட்டிலேயே, இன்னும் கிட்டத்தில் கேட்டது. மூன்றாம் முறை பாட்டே தொடங்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்கினார்கள். நிரூபனால் திரும்ப முடியவில்லை. தாய் திரும்பினாள்.

"வா ராசா," என்றாள்.