ஈசானிய வாட்டம்

இடுப்பெலும்பு முறிந்து தேறிவரும் மனைவி இன்னொரு தடவை வழுக்கினால் படுக்கைதான் என்று டாக்டர் சொன்ன பிறகு, புது வீட்டில் அவளுக்கென்றே கட்டிய குளியலறை அது. அதன் தரையில் தேங்கி நின்ற தண்ணீரை, ஓய்வுபெற்ற துணைத் தாசில்தார் ஞானவடிவேல், பட்டா கேட்டு வந்த ஆளைப் பார்ப்பதுபோல முறைத்தார்.

“டைல்ஸ் ஒட்டச் சொன்னா குளம் வெட்டியிருக்கே!”

“தண்ணி ஓடுற வாட்டம் ஈசானிய மூலைக்குத்தான் இருக்கணும்னு சொல்லி, நாற்காலி போட்டு உக்காந்து பாத்தீங்களே சார்,” என்றார் மேஸ்திரி சேசுராஜ்.

“தண்ணி போற ஓட்டை எதிர்மூலையில இருக்குன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும். நீங்க அதிகாரி, தண்ணிக்கும் ஏதாச்சும் உத்தரவு போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன். இப்ப என்ன, ஒடைச்சுப் போட்டுரலாமா?”

“பால் காய்ச்சின வீட்டுல ஒரு வருஷத்துக்குக் கடப்பாரை படக்கூடாதாம். ஜோசியர் சொல்லிட்டாரு.”

“அப்ப அவரையே கூப்பிடுங்க,” என்று மேஸ்திரி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஞானவடிவேல் வேட்டியை மடித்துக் கட்டி, வைப்பரால் தண்ணீரை ஓட்டைப் பக்கம் மேடேற்றினார். அது பாதி வழியில் திரும்பி, ஈசானியத்துக்கே வந்து சேர்ந்தது.

“என்னங்க, காஞ்சிருச்சா?” கதவுக்கு வெளியே வாக்கரைப் பிடித்தபடி மனைவி கேட்டாள். “கால் நடுங்குது, உள்ள வரட்டா?”