தேதி இல்லாத உத்தரவு

கரமனை அக்ரஹாரத்தில் யாருக்கு மனு வேண்டுமென்றாலும் சர்க்கார் ஆபீஸில் வேலை பார்க்கும் ஹரிஹரய்யர்தான் எழுதிக்கொடுப்பார். அன்று காலை எதிர்வீட்டு வாத்தியார் வெங்கிடேஸ்வரன் கையில் காகிதத்தோடு வந்தார்.

“ராஜா காலத்துல இலவசமாச் சாப்பாடு போட்ட ஊட்டுப்புரையை இடிச்சுட்டுக் கடை கட்டலாம்னு சர்க்கார் உத்தரவு போட்டுடுத்து, ஓய்! நம்ம தெருக் கல்யாணமெல்லாம் இனிமே எங்கே நடத்தறது?”

ஹரிஹரய்யர் உத்தரவின் நகலை வாங்கி நேரே மூன்றாம் பக்கத்தைப் புரட்டினார்.

“தெருக்காராளுக்கு முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்த தேதியை இங்கே போட்டாகணும். போடலை. கோர்ட்டுக்குப் போனா இந்த உத்தரவு நிக்காது.”

பத்தே நிமிஷத்தில் மனு தயாராகிவிட்டது. வாத்தியாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“இவ்வளவு பெரிய தப்பா! இதை எழுதின குமாஸ்தா சரியான மண்டுவா இருப்பான், கேட்டேளா?”

“இருப்பான், இருப்பான்” என்றார் ஹரிஹரய்யர்.

வாத்தியார் படியிறங்கியதும் ஹரிஹரய்யரின் மனைவி மங்கலம் காப்பியோடு வந்தாள்.

“உங்களை மண்டுன்னுட்டுப் போறார். நீங்களும் ஆமாம் போடறேளே?”

“போறார், விடு. உத்தரவை எழுதுன்னு ஆபீஸர் சொன்னார், எழுதினேன். தேதியைப் போடுன்னு அவர் சொல்லலையே!”