ஒற்றை ஆள் வகுப்பு

"யாருமே இல்லாத வகுப்புல யாருக்கு டீச்சர் பாடம் நடத்துதீங்க?"

ஹெட்மாஸ்டர் பாக்கியசீலன் சார் இப்படிக் கேட்டதும் பெர்சிஸ் டீச்சர் முகம் சுண்டிப்போனது. பக்கத்தில் ரிப்போர்ட்டும் கையுமாக ஜாஸ்பர். பாளையங்கோட்டையில் அந்தப் பள்ளியின் வீடியோ வகுப்பு சர்வர் அவன் பொறுப்பு.

பிளஸ் டூ பிள்ளைகள் படிப்பு லீவில் ஊருக்குப் போயிருந்தார்கள். சாயங்காலம் வீடியோவில் திருப்புதல் வகுப்பு. நாலு மணி ஆனால் போதும், படம் உறையும், குரல் இழுக்கும். பெற்றோர் போன் போட்டுப் பிடிபிடி என்று பிடித்தார்கள்.

ஜாஸ்பர் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு 'கண்டுபிடித்து'விட்டான். தினமும் நாலிலிருந்து ஆறுவரை சர்வரில் ஒரு கணக்கு வகுப்பு ரூம் திறந்தே கிடக்கிறது. உள்ளே டீச்சர் மட்டும்! சர்வரை இழுப்பது அதுதான் என்று முடிவுகட்டினான்.

"பிள்ளை வரும் சார்..." என்றார் டீச்சர்.

"எங்கன வருது? இந்தா பாருங்க, ஒரு ஆள்கூட வரலை." தாளை நீட்டினான் ஜாஸ்பர். பிடித்துக் கொடுத்த பெருமை அவனுக்கு.

"போதும். இனி அந்த ரூம் வேண்டாம்," என்றார் சார்.

டீச்சர் தாளை மேசைமேல் வைத்தார். எழுந்து போய்விட்டார். அன்றைக்கே ரூமை மூடினான் ஜாஸ்பர்.

மூடி என்ன புண்ணியம்? படம் அதேபோல் உறைந்தது. பரீட்சையும் வந்து முடிந்தது. அப்புறம்தான் சாவகாசமாகக் குடைந்து பார்த்தான். பழைய பதிவுகள் குவிந்து, டிஸ்க் நிறைந்து, சர்வர் மூச்சுமுட்டிக் கிடந்தது. கோளாறு அதுதான். டீச்சர் ரூம் பாவம், ஒரு ஓரமாக இருந்திருக்கிறது.

பழையதை அழிக்கப் போனவன் கண்ணில், ரூமுக்கு வந்து போனவர்கள் பட்டியலில் ஒரு பெயர் பட்டது. முத்துராணி. கணக்கு ரூமுக்குள் பதினோரு செகண்டு. பிறகு எட்டு. பிறகு பதினாலு. ஒரே நாளில் இருபது தடவை!

ஐயோ, ஒரு நிமிஷத்துக்குக் குறைவாக வந்தவர்களை ரிப்போர்ட்டில் காட்டாதே என்று சர்வரில் எழுதிவைத்தவனே அவன்தானே!

ரூமை மூடிய பிறகும் நாலு நாள் அந்தப் பெயர் வந்து வந்து திரும்பியிருந்தது.

ஆசிரியர் அறைக்கு ஓடினான்.

"டீச்சர், யாரு இந்த முத்துராணி?"

"களக்காட்டுக்கு மேக்க, மலையடிவாரத்துப் பிள்ளை. அங்கன சிக்னலே கிடையாது. பாறை மேல ஏறி நின்னா பத்து செகண்டு கிடைக்கும். அதுக்குள்ள ஒரு கணக்கு கேப்பா. அடுத்த பத்து செகண்டு எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? அதான் உட்கார்ந்தே இருப்பேன்."

"பெரிய தப்பு பண்ணிட்டேன் டீச்சர். இப்பவே திறந்து விடுதேன். மறுதேர்வுக்காவது..."

"வேண்டாம் தம்பி. கணக்குப் பரீட்சைக்கே அவ வரலை. நேர்ல போய்ப் பார்த்தேன். வள்ளியூர்ல ஜவுளிக்கடை வேலைக்குப் போயிட்டாளாம்."

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரூமை மூடுனது நீங்கன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? 'எனக்குக் கணக்கு வராதுன்னு டீச்சரே வெறுத்துப்போய்க் கதவைச் சாத்திட்டாவ'ன்னு அவ அம்மாகிட்ட சொல்லிட்டுப் போயிருக்கா."