எந்தக் கிங்ஸ்டன்?

"கிங்ஸ்டன்னா ராஜாவோட ஊருப்பா. ஜமைக்கால ஒண்ணு, கனடால ஒண்ணு, ஆஸ்திரேலியால கூட இருக்கு," என்பாள் என் மகள் பிரமிளா. கெலுகோரில் எங்கள் அடுக்குமாடிக்கும் அதே பெயர்தான்.

படிக்கப் போன இங்கிலாந்து கிங்ஸ்டனில் அவள் விபத்தில் இறந்தாள். அங்கேயே நடந்த தகனத்தை வீடியோவில் பார்த்தோம். பெட்டி உள்ளே நகர்ந்தபோது, "கிங்ஸ்டனுக்கு வந்துடும்மா!" என்று லோகேஸ்வரி கதறினாள். இறந்தவரைக் கூப்பிடக் கூடாதென்று தெரியாதவளா என் மனைவி?

கருமக்கிரியை முடிந்த மறுநாள் காலை, புதிதாகச் சேர்ந்த காவலாளி கீழிருந்து போன் செய்தார்.

"அண்ணே, உங்க மக பிரமிளாவாம். எல்லா கிங்ஸ்டனுக்கும் போய்த் தேடிட்டு வருதாம். காலெல்லாம் சாம்பலா இருக்குலா. மேல அனுப்பவா?"

போன் என் காதில்தான் இருந்தது. அதற்குள் லோகேஸ்வரி, கால் கழுவத் தண்ணீர் கொண்டுவந்து வாசலில் வைத்தாள்.