அழித்த இடம்

வீடுகளை இயக்கும் மென்பொருளின் அடித்தளத்தை எழுதும் கம்பெனியில் திருமாறனுக்கு வேலை. ஊழியர் வீடுகளில் மட்டும் அது சோதனை நிலையில்தான் ஓட வேண்டும் என்பது அங்கே வழக்கம். நினைவகத்தில் அழித்த இடத்தை யாராவது தொட்டால், அதாவது அழித்த பெயரைச் சொல்லி எதையாவது கேட்டால், வீடு இயக்கத்தையெல்லாம் நிறுத்தி, தொட்டவர் பெயரைச் சொல்லும். பிழையைப் பிடிக்க அது வசதி. மற்றவர்கள் வீட்டில் அழித்த இடம் அப்போதே துடைக்கப்பட்டுவிடும். தகவல் திருட வருபவனுக்கு ஒன்றும் கிடைக்காது; யார் தொட்டாலும் வீடு வாய் திறக்காது.

மகள் ரேணு இறந்த பிறகு அவள் பெயரை வீட்டிலிருந்து அழித்தது அவர்தான். அப்போது அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆபீசில் தினமும் செய்கிற வேலை.

ஆனால் விளக்கு வைக்கும் நேரத்தில் மனைவி கோமதியின் வாய் பழக்கத்தில் சொல்லிவிடும்: "ரேணு ரூம்ல லைட்டைப் போடு."

மின்விசிறி நிற்கும். அடுப்பு அணையும். "அழிக்கப்பட்ட இடம். தொட்டவர் கோமதி" என்று வீடு அறிவிக்கும்.

"ஏங்க, மத்தவங்க வீடு மாதிரி இதையும் சும்மா இருக்க வைங்களேன்" என்றாள் ஒருநாள். மேலதிகாரியிடம் கேட்டு மாற்றினார்.

மறுநாள் மாலையும் கோமதியின் வாய் அதையே சொன்னது. வீடு பேசவில்லை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டே இருந்தது. அவள் இருட்டு அறையின் வாசலில் போய் நின்றாள்.

"இன்னொரு தடவ சொல்லிப் பாரேன்" என்றார் திருமாறன்.

"வேணாங்க. முன்னாடி, அங்க ஒண்ணு இருந்து அழிஞ்சு போச்சுன்னாவது சொல்லும்."

தலைக்கு மேல் மின்விசிறி நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.