மூன்றாவது பட்டன்

இதில் ஓரெழுத்து பொய்யென்றாலும் என் இரண்டு கண்ணும் அவிந்து போகட்டும். அந்தக் கட்டடத்தின் காவல் சாஃப்ட்வேரில் எந்த அலாரத்துக்கு என்ன பதில் என்று எழுதி வைத்தவன் நான்தான். ரெக்கார்டு ரூமில் புகை வந்தால் திரையில் இரண்டு பட்டன் வரும். 'உள்ளே யாருமில்லை' என்று அமுக்கினால் கதவு பூட்டிக்கொள்ளும், தீயணைக்கிற கேஸ் இறங்கும். உள்ளே ஆள் இருந்தால் மூச்சு நின்றுவிடும். 'உள்ளே திருடன்' என்று அமுக்கினால் கேஸ் இறங்காது, ஆனால் போலீஸ் வரும்வரை கதவும் திறக்காது. அறுபது நொடிக்குள் எதையும் அமுக்காவிட்டால், யாருமில்லை என்று அதுவே முடிவு கட்டிவிடும். சாஃப்ட்வேர் ஓட ஆரம்பித்த முதல் நாளே அலாரம் அடித்தது. உள்ளே எங்கள் வாட்ச்மேன் சந்தனக்குமார், வாயில் பீடியோடு. திரை முன்னால் இருந்த தேவகிருபை எனக்குப் போன் போட்டாள்.

“சார், உள்ள நிக்கிறது நம்ம ஆளு. எதை அமுக்க?”

“மூணாவதா ஒரு பட்டன் சேர்க்கிறேன்மா, பொறு.”

“பதினெட்டு நொடிதான் சார் இருக்கு!”

அவள் பக்கத்திலிருந்த வாக்கிடாக்கியில் அவன் அலறுவது எனக்கே கேட்டது. “யக்கா, என்னைத் திருடன்னே போடுக்கா!”

“களவாணின்னு பேரு வந்தா வேலை போயிரும்ல. உம் பொண்டாட்டி என்னையல்லா வைவா?”

“உசுரு போனா மட்டும் கொஞ்சுவாளாக்கும்? அமுக்குக்கா!”

மூன்று நொடி மிச்சமிருக்கையில் திருடனை அமுக்கினாள். போலீஸ் வந்து சேர நாலு மணி நேரம் ஆனது. அதுவரை அவன் உள்ளேயே சுவரோடு ஒட்டி நின்றான்.

அந்த அறைக்குக் கதவு என்று ஒன்றை மாட்டியதே அடுத்த மாதம்தான்.